தண்ணி லாரி வந்த பதினெட்டாவது நிமிடம்

யசோதரா கலையை வளர்ப்பதற்காக அந்த வேலைக்குப் போகவில்லை. ராயபுரத்தில் ஏழு வருடம் அவர் சட்டைகளுக்குத் தையல் சரிபார்த்துக்கொண்டிருந்த ஏற்றுமதிக் கம்பெனி, 2001ஆம் வருடத் தொடக்கத்தில் ஷட்டரை இறக்கிவிட்டது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வீடு. கணவர் எழிலன் துறைமுகத்துக்குள் ஒப்பந்தத் தொழிலாளி. மாதத்தில் பாதி நாள் வேலை, மீதி நாள் துறைமுக கேட் வரை போய்த் திரும்பி வருவதுதான். அந்த நேரத்தில் தண்டையார்பேட்டையில் ஒரு பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்து ‘கூடம்’ என்று ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். வடசென்னையில் கலை, பண்பாட்டை வளர்க்க மூன்று வருடத் திட்டம், வெளிநாட்டு நிதி. பத்தாவது படித்த, தெருத்தெருவாக நடக்கச் சலிக்காத உள்ளூர்ப் பெண் ஒருவர் வேண்டும் என்றார்கள். யசோதரா நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். நடக்கச் சலிக்காது என்று சொல்லித்தான் சேர்ந்தார்.

கூடத்தின் இயக்குநர் பெயர் மகிமா. தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம், பாரிமுனையில் அப்பாவுக்கு மொத்த வியாபாரம். கெட்டிக்காரி, யாரிடமும் குரல் உயர்த்தாதவர். முதல் நாளே ஒரு கட்டுப் படிவங்களைக் கொடுத்து, “முதல்ல இங்க என்னென்ன கலைகள் இருக்குன்னு தெரிஞ்சிக்கணும், யசோதரா. அப்புறம்தான் எதை வளர்க்கிறதுன்னு முடிவு பண்ண முடியும்” என்றார்.

யசோதரா தெருவில் இறங்கினார். ‘உங்கள் பகுதியில் கலை உண்டா?’ என்பது படிவத்தின் இரண்டாவது கேள்வி. சேணியம்மன் கோயில் தெருவில் துணி பிழிந்துகொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்து, “கலையா? அவ மேல் மாடில கீறாம்மா. இட்டாரணுமா?” என்று கேட்டார். யசோதரா சிரித்துவிட்டார். பிறகு அந்தக் கட்டத்தில் ‘உண்டு’ என்று டிக் போட்டார்.

அதற்கப்புறம் சிரிக்கும்படி அதிகம் நடக்கவில்லை. கிடார் வகுப்பு தொடங்கினார்கள். வாத்தியார் மாதவரத்திலிருந்து வர வேண்டும், லாரி நெரிசலில் பாதி நாள் வரவில்லை. நடன வகுப்புக்கு வந்த பெண் பிள்ளைகள் பரீட்சை வந்ததும் நின்றுவிட்டார்கள். ஓவிய வகுப்பு மட்டும் ஓடியது. ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் படிவம். அதில் வரிசையாக ஐந்து முகங்கள். முதல் முகம் அழும், கடைசி முகம் பல் தெரியச் சிரிக்கும். எதை வட்டமிட வேண்டும் என்று வந்தவர்களுக்கு விளக்க வேண்டும். எல்லாரும் யசோதராவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கும் முகத்தையே வட்டமிடுவார்கள். சாயங்காலம் அவற்றை எண்ணி, தொகுத்து, பெரிய தாளில் எழுதுவார். முட்டி வலிக்கும். எழிலன் சுடுதண்ணீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, “சட்டையா இருந்தா பிஞ்சது தெரியும். இதுல இன்னாத்த பாப்ப நீ?” என்பார்.

2003ஆம் வருடக் கோடையில் ஊரே தண்ணீருக்குக் காய்ந்தது. தெருமுனைக் கறுப்புத் தொட்டிகளை நிரப்ப லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கூடத்தின் பின்புறம் இருந்த கைப்பம்பில் மட்டும், மெதுவாக அடித்தால், கொஞ்சம் கலங்கலாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பெண்கள் குடத்தோடு வந்து நின்றார்கள். மகிமா கேட்டைத் திறந்துவிடச் சொன்னார். ஒரு குடம் நிரம்ப இருபது நிமிடம் ஆகும். மற்றவர்கள் கூடத்துக்குள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார்கள்.

இரண்டு வருடம் யசோதரா வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டும் வராத பெண்கள் அவர்கள். காசிமேட்டில் மீன் விற்கும் பிலோமி. மளிகைக் கடை வைத்திருந்த சீனியம்மாள், திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடமாகியும் பேச்சு மாறாதவர். ரவிக்கை தைக்கும் மலிகா. இன்னும் எட்டுப் பத்துப் பேர்.

உட்கார்ந்த இடத்தில் பிலோமி தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, தெருவில் டோக்கன் கொடுக்கும் ஆளைப் போலப் பேசிக் காட்டினார். “இன்னாமே, ஒனக்கு எத்தினி கொடம்? ஒன் வூட்ல மூணு பேருதான கீறீங்க?” கூடமே சிரித்தது. சீனியம்மாள் எழுந்து, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிர்ப் பேச்சுப் பேசினார். அடுத்த நாள் அதையே மறுபடி செய்யச் சொல்லிக் கேட்டார்கள். பத்து நாளில் அது ஒரு நாடகமாக மாறத் தொடங்கியிருந்தது. மகிமா ஒரு நாடகப் பயிற்சியாளரை வரவழைத்தார். அவர் பெண்களைப் பூனைபோல நடக்கச் சொன்னார். “நான் காலையில மூணு மணிலேந்து மீன் கூடயோட நடக்குறேன் சார். பூனையா வேற நடக்கணுமா?” என்றார் பிலோமி. பயிற்சியாளர் நான்காம் நாள் வரவில்லை. பெண்கள் தாங்களே பேசிப் பேசி, வெட்டி, ஒட்டி, ஐம்பது நிமிட நாடகம் ஒன்றைச் செய்துகொண்டார்கள். ‘லைன்ல நில்லு’ என்று பெயர். வராத லாரிக்காக வரிசையில் நிற்கும் பெண்கள் தங்கள் கதைகளைச் சொல்கிறார்கள். கடைசியில் லாரி வருகிறதா என்பதை அன்றன்றைக்கு அவர்களே முடிவு செய்வார்கள்.

மலிகா மட்டும் முதல் இரண்டு மாதம் பேசவே இல்லை. வருவார், குடத்தை வைப்பார், சுவரோரம் உட்கார்ந்து பார்ப்பார். மூன்றாவது மாதம் ஒருநாள் அவராகவே எழுந்து டோக்கன்காரனின் முன்னால் போய் நின்று, “நிறுத்துறா!” என்று கத்தினார். பிலோமிக்கே துண்டு நழுவிவிட்டது. தண்டையார்பேட்டையில் முதல்முறை தெருவில் நாடகம் போட்டபோது மலிகாவின் மச்சாண்டார், அவருடைய கணவரின் அண்ணன், கூட்டத்தில் இருந்தார். மலிகா கத்திய இடத்தில் அவர் எழுந்து போய்விட்டார். யசோதரா அதைப் பார்த்தார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ‘மாற்றக் கதை’ என்று ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். கூடத்தால் ஒருவருடைய வாழ்க்கை எப்படி மாறியது என்று சொல்ல வேண்டும். நாளைக்குக் கடைசி நாள் என்று மகிமா நினைவூட்டிய சாயங்காலம், யசோதரா காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு மலிகாவைப் பற்றி எழுதினார். ‘திருமணமாகிப் பதினோரு வருடமாக வீட்டில் வாய் திறக்காதவர். கூடம் அவருக்குக் குரல் கொடுத்தது. அவர் பேசத் தொடங்கியதைப் பொறுக்க முடியாமல் உறவினர் ஒருவர் எழுந்து சென்றார்.’

மகிமா படித்துவிட்டு, “இதான் யசோதரா. இதைத்தான் அவங்க எதிர்பார்க்கிறாங்க” என்றார். அந்த மூன்று வருடத்தில் யசோதராவுக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அது. மலிகாவிடம் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

திட்டத்தை மதிப்பிட 2004 மே மாதம் அஜின் வந்தார். முப்பது வயது இருக்கும். மார்த்தாண்டத்துக்காரர், வெளிநாட்டில் படித்துவிட்டுப் பெங்களூரில் வேலை. வெயிலில் முகம் சிவந்து, தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாரையும் அக்கா என்று கூப்பிட்டார். இரண்டு நாள் பதிவேடுகளைப் பார்த்தார். மூன்றாம் நாள் திருவொற்றியூரில் நாடகம்; மாலை ஐந்து மணிக்கு, தெருவின் முனையில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். நாடகத்துக்கு முன்னால் நிரப்ப அறுபது படிவம், பின்னால் நிரப்ப அறுபது படிவம் கொண்டுவந்திருந்தார். முதல் அறுபதையும் யசோதராவே கேட்டுக் கேட்டு நிரப்பினார்.

நாடகம் நன்றாகத்தான் தொடங்கியது. இருநூறு பேருக்குக் குறையாது. பிலோமி துண்டை உதறித் தோளில் போட்டபோதே கைதட்டல். சீனியம்மாள் தன் மகளின் கல்யாணத்துக்கு முந்தின நாள் தண்ணீர் இல்லாமல் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது ஹாரன் சத்தம். கூட்டம் சிரித்தது, நாடகத்தில் வருகிற சத்தம் என்று நினைத்தார்கள். சீனியம்மாளும் அதையே தன் பேச்சில் சேர்த்துக்கொண்டு, “வந்துட்டான் பாரு மாப்பிள்ள!” என்றார். மறுபடி ஹாரன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் அலறினார்.

“ஐயே, நெஜமாவே லாரிடி!”

நான்கு நாளாக வராத லாரி. இருநூறு பேரும் எழுந்தார்கள். நாற்காலிகள் விழுந்தன. பிலோமி துண்டோடு ஓடினார். மேடைக்காக வைத்திருந்த காலிக் குடங்களையும் யார் யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். தன் குடம் போய்விட்டதைப் பார்த்த சீனியம்மாள், “ஏளா, அது என் குடம்ளா!” என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். ஒரு நிமிடத்துக்குள் அந்த இடத்தில் அஜினும் யசோதராவும் மட்டும் நின்றார்கள். அஜின் கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். கைக்கு அகப்பட்டவர்களிடம் இரண்டாம் படிவத்தை நீட்டியதில் ஏழு நிரம்பியது. அஜினுக்கு அன்றைக்கே பெங்களூர் ரயில். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்ற சாலையில் ஆட்டோ கிடைப்பதே கஷ்டம் என்பதால், யசோதராவே கூடப்போய் அவரை சென்ட்ரலில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஆகஸ்டில் மதிப்பீட்டு அறிக்கையின் வரைவு வந்தது. ஆங்கிலத்தில் நாற்பது பக்கம். விஷயம் தெரிந்ததும் பெண்கள் ஒரு மதியம் கூடத்தில் கூடிவிட்டார்கள்.

“மார்க் வந்துடுச்சாமே யசோ? படி, கேப்போம்” என்றார் பிலோமி.

மகிமா ஓரத்தில் பென்சிலால் தமிழில் குறித்திருந்ததை வைத்துக்கொண்டு யசோதரா ஒவ்வொரு வரியாகச் சொன்னார். பங்கேற்பு, தாக்கம், நீடித்த தன்மை. பல சொற்களைத் தமிழில் சொன்ன பிறகும் விளக்க வேண்டியிருந்தது. பிறகு நாடகம் பற்றிய பகுதி வந்தது. “பார்வையாளர்கள் பதினெட்டாவது நிமிடத்தில் முழுமையாக வெளியேறினர். நிகழ்ச்சி நிறைவு பெறவில்லை” என்று வாசித்தார்.

பிலோமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“நெறவு பெறலயா? யார் சொன்னது? தண்ணி புடிச்சி வூட்ல ஊத்திட்டு ஏழு மணிக்கெல்லாம் அல்லாரும் வந்துக்கினாங்க. விட்ட எடத்துலேந்து ஆடுனோம். முன்னத்தவிட ஜாஸ்தி கூட்டம். நீங்க ரெண்டு பேருதான் எஸ்கேப் ஆயிட்டீங்க.”

யசோதராவுக்கு அது தெரியாது. மூன்று மாதமாக யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

“அன்னைக்கு லாரி வந்துட்டுன்னுதான் முடிச்சோம். வேற எப்படி முடிக்க?” என்றார் சீனியம்மாள்.

சிரிப்பு அடங்கியதும் யசோதரா முப்பத்தொன்றாம் பக்கத்தைப் புரட்டினார். அங்கே அரைப் பக்கத்துக்கு மலிகாவின் படம். வாய் பிளந்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருக்கும் படம். பக்கத்தில் கட்டம் கட்டி, யசோதரா எழுதிய கதை ஆங்கிலத்தில். பெயருக்குப் பதிலாக ஓர் எழுத்து மட்டும் போட்டிருந்தார்கள். இந்தத் திட்டத்தின் தெளிவான ஒரே வெற்றி இது என்று கீழே எழுதியிருந்தது. புரட்டிவிடலாமா என்று யசோதரா நினைத்தார். ஆனால் மலிகா ஏற்கெனவே தன் படத்தைப் பார்த்துவிட்டார்.

“இன்னா எய்திகீது? படி.”

யசோதரா படித்தார்.

“பதினோரு வருசமா நான் வாய தொறக்கலயா?” மலிகா சத்தம் போடவில்லை. “எங்க மச்சாண்டாரு கூட நான் போடாத சண்டையா? தெருவே கேட்டுக்கினு நிக்கும். உங்க கூடத்துலதான் ரெண்டு மாசம் பேசல. புது எடம். யாரு இவங்க, இத்தினி கேள்வி எதுக்குக் கேக்குறாங்கன்னு பாக்க வேணாமா?”

“அவர் அன்னிக்கு எழுந்து போனாரே…”

“நமாஸுக்கு டைம் ஆச்சி, போனாரு. திரும்பி வந்து முடியுற வரிக்கும் பாத்தாரு. அப்பால ரெண்டு நாளு என்ன மாதிரியே ‘நிறுத்துறா’ன்னு சொல்லிக் காட்டிக்கினு இருந்தாரு.” மலிகா தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எங்க வூட்டுக்காரு நாக்பூர் வரிக்கும் லோடு ஏத்திக்கினு போயி என்ன வெச்சிக் காப்பாத்துறாரு. அவரு என் வாய அடைச்சி வெச்சாருன்னு ஃபாரினுக்கு எய்திக் குடுத்துக்கீறாங்க. யாரு எய்தினது இத? அந்தப் பையனா?”

“நான்தான்” என்றார் யசோதரா.

மலிகா எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு போனார். அதில் தண்ணீர் பாதிதான் இருந்தது.

மற்ற பெண்கள் விடவில்லை. தாங்கள் சொல்லச் சொல்ல எழுத வேண்டும் என்று யசோதராவை உட்காரவைத்தார்கள். ‘லாரி வந்தா ஓடத்தான் செய்வோம். நீங்க இந்தத் தெருவில இருந்தா நீங்களும் ஓடுவீங்க. ஓடினவங்க திரும்பி வந்தாங்களான்னு பாக்காம எழுதினது தப்பு. அடுத்த தடவை ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் போடாம வாங்க.’ இப்படி ஒன்றரைப் பக்கம். பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மலிகாவின் கையெழுத்து இல்லை.

அன்று சாயங்காலம் யசோதரா மகிமாவின் அறைக்குப் போய், முப்பத்தொன்றாம் பக்கத்தை எடுத்துவிட வேண்டும் என்றார்.

மகிமா நாற்காலியில் சாய்ந்தார். அவரும் களைத்துத்தான் இருந்தார். “படத்தை எடுத்திடலாம். ஊர் பேரை மாத்திடலாம்.”

“அது இல்ல மேடம். அது பொய்.”

“நீங்கதானே எழுதினீங்க?”

“நான்தான் எழுதினேன்.”

“அந்த ஒரு பக்கம் போனா அவங்க நம்பறதுக்கு வேற ஒண்ணும் இல்ல, யசோதரா. எட்டுப் பேர் வேலை இதுல இருக்கு. உங்க வேலையும்தான்.”

பெண்கள் எழுதிய கடிதத்தை மகிமா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இணைத்தார். ‘பங்கேற்பாளர்கள் மனநிறைவு தெரிவித்தனர், நிகழ்ச்சி தடைபட்டதற்கு வருந்தினர்’ என்று இரண்டு வரி. யசோதராவுக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரிந்திருந்தது.

இரண்டு நாள் அவர் வேலைக்கு வந்தார், போனார். மலிகாவின் வீட்டுக்குப் போனபோது தையல் மிஷின் சத்தம் நின்றது, கதவு திறக்கவில்லை. மூன்றாம் நாள் எழிலனிடம் எல்லாவற்றையும் சொன்னார். எழிலன் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. “வேல போச்சின்னா போவுது. எனக்கும்தான் பாதி நாளு இல்ல” என்றார். மறுநாள் மதியம் யசோதரா ஒரு பூத்திலிருந்து அஜினுக்குப் போன் செய்தார்.

அஜின் முழுவதையும் கேட்டார். “அக்கா, அத எடுத்தா எனக்குக் காட்டறதுக்கு ஒண்ணும் இல்லியே.”

“எடுத்துடுங்க சார்.”

“சரி. அப்ப உண்மையில என்னதான் நடந்ததுன்னு நினைக்கீங்க? மூணு வருசத்துல?”

யசோதரா மூன்று வருடமாக மற்றவர்களிடம் கேட்ட கேள்வி அது. தன்னிடம் யாரும் கேட்டதில்லை. “தெரில சார்” என்றார். பிறகு, “வராத பொம்பளைங்க வந்தாங்க. தண்ணிக்குத்தான் வந்தாங்க. அப்பால தண்ணி வராத நாள்லயும் வந்தாங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்” என்றார்.

அஜின் சொன்னபடி செய்தார். இறுதி அறிக்கையில் முப்பத்தொன்றாம் பக்கம் இல்லை. திட்டம் நீட்டிக்கப்படாது என்று நவம்பரில் கடிதம் வந்தது. போதிய சான்றுகள் இல்லை என்பது காரணம். அந்தப் பக்கம் இருந்திருந்தால் நீட்டித்திருப்பார்களா என்பது யாருக்கும் தெரியாது. மகிமா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று யசோதராவுக்கு இருந்தது. டிசம்பர் கடைசியில் கடல் ஊருக்குள் வந்தது. காசிமேட்டில் பிலோமியின் வீட்டில் பானை சட்டி மிஞ்சவில்லை. கூடம் இரண்டு மாதம் நிவாரண அரிசி அடுக்கும் இடமாக இருந்துவிட்டு, மார்ச்சில் மூடப்பட்டது. படிவங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டார்கள். மூன்று சைக்கிள் ரிக்‌ஷா நிறைய இருந்தது.

யசோதரா மாதவரம் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலைக்குச் சேர்ந்தார். கேட்டில் உட்கார்ந்து, உள்ளே வரும் பெட்டிகளின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். நான்கு எழுத்து, ஏழு எண். சரி என்றால் சரி, தப்பு என்றால் தப்பு. யாரையும் எதையும் கேட்க வேண்டாம். அந்த வேலை தனக்குப் பிடித்திருப்பதாக எழிலனிடம் சொன்னார். ஆனால் ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு நாலரைக்கே எழ வேண்டும். டீசல் புகையும் தூசியும் ஒட்டிக்கொண்டே வீட்டுக்கு வரும்.

நாடகம் நிற்கவில்லை. 2005 கடைசியில் மழை கொட்டித் தீர்த்த பிறகு தண்ணீர் வரிசையைப் பற்றிச் சொன்னால் யார் பார்ப்பார்கள் என்று பேசிப் பார்த்துவிட்டு, லாரி நெரிசலில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொள்ளும் கதையாக மாற்றிக்கொண்டார்கள். பிலோமியின் துண்டு மட்டும் அப்படியே இருந்தது. சீனியம்மாளின் கடை மாடியில் ஒத்திகை. மலிகாவும் வந்தார். யசோதராவை யாரும் கூப்பிடவில்லை, அவரும் போகவில்லை. வழியில் பார்த்தால் பிலோமி நின்று பேசுவார். மலிகா தலையை மட்டும் அசைப்பார்.

அடுத்த வருடம் ராயபுரத்தில் பிலோமி போகும் சர்ச்சின் திருவிழாவில் நாடகம் வைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிலோமி யார்டு கேட்டுக்கே வந்து, “சாயங்காலம் ஏழரை மணி. வந்துரு, சாக்கு போக்கு சொல்லாத” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு ஒரு ஆள் வராததால் யசோதராவுக்குக் கூடுதலாக நான்கு மணி நேரம் வேலை. யார்டிலிருந்து நேராகப் பஸ் பிடித்துப் போய், பின்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் தாளும் பேனாவும் இல்லாமல் அவர் அந்த நாடகத்தைப் பார்ப்பது அதுதான் முதல்முறை. பிலோமி வந்தார், கூட்டம் சிரித்தது. சீனியம்மாள் பேசத் தொடங்கினார். கடல் காற்று அடித்தது. யசோதராவின் கண் சொருகியது.

தோளில் யாரோ தட்டியபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முகத்தில் பவுடரோடு மலிகா நின்றார்.

“தூங்கிட்ட இல்ல?”

“தூங்கிட்டேன்” என்றார் யசோதரா. “ஆம்புலன்ஸ் போச்சா?”

“போவல. இன்னிக்கு எறக்கி நடந்தே தூக்கிக்கினு போனோம்.” மலிகா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். பிறகு மலிகா, “சாப்ட்டியா? உள்ள பிரியாணி போடுறாங்க. துன்னுட்டு வூட்டுக்குப் போய்ப் படு. மூஞ்சப் பாக்க சகிக்கல” என்றார்.

யசோதரா எழுந்திருக்க முட்டியைப் பிடித்துக்கொண்டார். மலிகா கை கொடுத்தார். மறுநாளும் ஆறு மணி ஷிஃப்ட்தான்.